சித்திரையும் அவிட்டமும்

'ரஜ்ஜு தட்டினால் காதலாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது' என்று உங்கள் கல்யாணப் பொருத்தக் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ரஜ்ஜு என்பது நட்சத்திரங்களைப் பிரித்துவைத்துப் பார்க்கும் ஒரு பொருத்தம்; இருவர் நட்சத்திரமும் ஒரே பிரிவில் வந்தால் 'தட்டுகிறது' என்பார்கள். அதே காரணத்தால்தான் என் அக்காவின் வாழ்க்கையே மாறிப்போனது.

அக்கா நட்சத்திரம் சித்திரை, அவள் விரும்பியவர் அவிட்டம். மிருகசீரிடத்தோடு சேர்த்து இந்த மூன்றும் சிரசு ரஜ்ஜு, அதாவது தலைப் பிரிவு. இரண்டு பேருக்கும் அதுவே அமைந்தால் கணவன் ஆயுளுக்கு ஆகாது என்பார்கள். மூலைகளில் மஞ்சள் தடவிய ஜாதகத் தாளில் ஜோசியர் பென்சிலால் ஒரு சுழி போட்டார், அவ்வளவுதான். அப்பா அதைப் பேசாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுப்படியில் நின்ற அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 27 நட்சத்திரங்களை ஐந்து ரஜ்ஜுவாகப் பிரித்திருக்கிறார்கள். நான்கில் ஆறாறு, சிரசில் மூன்று. கண்ணை மூடிக்கொண்டு யாரை யாரோடு சேர்த்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு ஜோடிக்கு இது தட்டும்! செவ்வாய் தோஷமும் அப்படித்தான். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 என்று 12 கட்டத்தில் ஐந்து கட்டம், செவ்வாய் எதில் இருந்தாலும் தோஷம்தான். (விதிவிலக்குகள் நிறைய உண்டு, ஆனால் பெண் வீட்டுக்கு அதை யார் சொல்கிறார்கள்?)

பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிவைத்த அத்தான் ஏழாவது வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அந்த அவிட்டக்காரரைப் போன மாதம்கூட ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். தலை நரைத்திருக்கிறது. "அக்கா எப்படிம்மா இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.