டர்பனில் கிரே ஸ்ட்ரீட்டோடு திரும்பிவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் கிரே ஸ்ட்ரீட்டைச் சுற்றிக்காட்டி, "இதுதான் டர்பனோட இந்தியன் ஏரியா" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப நாளாக மனத்தாங்கல்.

அழகான பகுதிதான், மறுக்கவில்லை. ஜும்மா மசூதியின் பொன்னிற மினார்கள், ஒட்டினாற்போல் மத்ரஸா ஆர்க்கேட் என்ற கூரை போட்ட கடைவீதி, பக்கத்திலேயே இம்மானுவேல் பேராலயம். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் 'மாமியாரை ஒழிக்கும்' மசாலா என்று எழுதி வைத்த குவியலைப் படம் எடுக்காமல் எந்தச் சுற்றுலாக்காரரும் நகர்வதில்லை. (எந்த மருமகளும் அதை வாங்கி நான் பார்த்ததில்லை.)

ஆனால் அந்த ஆர்க்கேடுகளும் கடைகளும் பெரும்பாலும் சொந்தச் செலவில் கப்பலேறி வந்த குஜராத் பக்கத்து வணிகர்கள் எழுப்பியவை. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கி, ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு ஏது மாடிக்கட்டடம்? பின்னாளில் நகரசபையில் தெருக்கூட்டவும் குப்பை அள்ளவும் சேர்ந்த தமிழரும் தெலுங்கரும் சோம்ட்சூ ரோட்டுப் பக்கம் மேகஸின் பாரக்ஸ் என்ற நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பில் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். 1950இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. அறுபதுகளில் அவர்களை, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் புறநகருக்குக் கிளப்பிவிட்டு பாரக்ஸை இடித்துத் தள்ளினார்கள். அங்கே பார்க்க ஒன்றுமில்லையே என்பார் வழிகாட்டி. ஏன் ஒன்றுமில்லை என்று சொல்லவாவது வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்தலாமே!

தெருப் பலகைகளையாவது வாசித்துக்காட்டலாம். கிரே ஸ்ட்ரீட்டுக்கு இப்போது நிறவெறியை எதிர்த்த தலைவர் யூசுஃப் தாதூ பெயர். பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட் டாக்டர் குணம் தெருவாகிவிட்டது. எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பி, இந்தியர்களை ஒடுக்கிய நிலச் சட்டத்தை எதிர்த்த 1946 அறப்போராட்டத்தில் சிறை போன தமிழ்ப் பெண் அவர். பைன் ஸ்ட்ரீட், அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மான்ட்டி நாயக்கருக்கு. நம்ம ஆட்களே இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

என்னைக் கேட்டால் முதலில் வார்விக் பக்கம் எர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவேன். 1910இலிருந்து நடக்கிறது. கூலி ஒப்பந்தம் முடிந்ததும் துண்டு நிலம் பிடித்துக் காய்கறி போட்டவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். முருங்கைக்காய், கறிவேப்பிலை, கட்டுக்கட்டாகக் கீரை. 'அமதும்பே' என்று குவித்திருப்பது வேறொன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்குதான். அந்த மண்ணின் ஜூலு இனத்து அம்மாக்கள் விற்க, சாட்ஸ்வொர்த் பாட்டிகள் ஜூலு பாஷையிலேயே விலை பேசுகிறார்கள். கொஞ்சம் நடந்தால் மூலிகைச் சந்தை. இந்தியன் ஏரியா, ஆப்பிரிக்கன் ஏரியா என்று கோடு கிழித்தது சட்டம். இந்தச் சந்தை அந்தக் கோட்டை மதித்ததே இல்லை. 2009இல் இங்கே மால் கட்டுகிறோம் என்று நகராட்சி கிளம்பியபோது எல்லா நிறத்து வியாபாரிகளும் சேர்ந்து நின்றுதான் தடுத்தார்கள்.

பேருக்கேற்றபடி விடியற்காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் நல்ல கீரை கிடைக்காது.