வீடு கேட்டால் வேனில் படுக்கச் சொல்கிறார்கள்

திருகோணமலை டவுனில் வேலை செய்கிற எனக்கு டவுனுக்குள் ஒரு வாடகை வீடு எடுக்க முடியவில்லை என்று யாரிடமாவது சொன்னால் போதும், உடனே வருகிற பதில் "பழைய வேன் ஒன்றை வாங்கி உள்ளுக்குக் கட்டில் அடி, வாடகையும் மிச்சம், பஸ் காசும் மிச்சம்". யூடியூபில் எவரோ வேனுக்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடிப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது. சொல்கிற அத்தனை பேரும் சொந்த வீட்டில் படுத்து எழும்புகிறவர்கள்.

சரி, கணக்கே பார்ப்போம். நான் உண்மையாகவே விசாரித்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் ஓடித் தேய்ந்த வேனுக்கெல்லாம் யானை விலை. குடும்பத்தோடு காலை நீட்டிப் படுக்கக்கூடிய பழைய டொல்பின் வேன் ஒன்றுக்கு விற்கிறவர் சொன்ன விலை 55 இலட்சம். கடற்கரைப் பக்கம் அலஸ்தோட்டத்தில் எனக்குக் காட்டிய இரண்டு அறை அனெக்ஸுக்கு மாதம் 35,000. அந்த வேன் காசில் பதின்மூன்று வருடம் வாடகை கட்டலாம்! 55 இலட்சம் கையில் இருக்கிறவன் ஏன் றோட்டோரம் படுக்கப் போகிறான்? லீசிங்கில் எடுத்தால் மாதக் கட்டுக்காசு வாடகையைத் தாண்டிப் போகிறது, அதற்கு மேல் இன்சூரன்ஸ், வருடா வருடம் புகைச் சோதனை, வருமான அனுமதிப்பத்திரம், டயர், பற்றரி. சின்ன பட்டி வேன் எடு என்கிறார்கள். அதற்குள் நான் படுத்தால் மனைவியும் பிள்ளையும் எங்கே படுப்பது?

காசை விடுங்கள், இந்த ஊர் வெக்கையை யோசித்தார்களா? மே மாதம் பிறந்தால் கச்சான் காற்று தொடங்கிவிடும், வீட்டுக்குள் ஃபான் போட்டும் தாங்க முடியாது. ஹயர் ஓடுகிற நண்பரோடு உப்புவெளிப் பக்கம் ஒரு இரவு வேனில் படுத்திருக்கிறேன். கண்ணாடியை ஏற்றினால் வேகிறது, இறக்கினால் நுளம்பு. எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்கலாம் என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து அதை வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம், கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது, படுத்தவர்கள் எழும்ப மாட்டார்கள். அன்றைக்குக் கொஞ்சம் கண் அயர்ந்த நேரம் கண்ணாடியில் டோர்ச் வெளிச்சம், ரோந்து வந்தவர்கள் தட்டுகிறார்கள், அடையாள அட்டை எங்கே, எந்த ஊர், இங்கே ஏன் நிற்கிறீர்கள். ஹயர் வந்த ஆட்கள் ஹோட்டலில் நிற்கிறார்கள் என்று நண்பர் விளக்கினார், விட்டுவிட்டார்கள். நான் குடும்பத்தோடு தினமும் படுத்தால் என்ன விளக்கம் சொல்வது? கோட்டைக்குள் இராணுவம், துறைமுகத்தில் கடற்படை இருக்கிற ஊர் இது. வெளிநாட்டுக்காரர் நிலாவெளியில் வாகனத்தை நிறுத்திப் படுத்தால் சுற்றுலா, ஒரு தமிழன் படுத்தால் விசாரணை.

அப்புறம் விலாசம். கிராம சேவகர் எந்த வீட்டு இலக்கத்துக்குக் கடிதம் தருவார்? முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போனால் வாக்காளர் இடாப்பைக் கேட்பார்கள், வீட்டு ஒப்பந்தத்தைக் கேட்பார்கள், பாடசாலைக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறீர்கள் என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். வேன் இலக்கத்தகட்டுக்கு ஒரு புள்ளியும் இல்லை.

எனக்கு உண்மையான ஆத்திரம் வேன் மேல் இல்லை, வீடு இருந்தும் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதில்தான். அந்த அலஸ்தோட்டத்து அனெக்ஸ் நல்ல வீடு, குளியலறைச் சுவரில் கொஞ்சம் பூஞ்சணம், மற்றபடி குறையில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்கார அம்மா அன்பாகத்தான் பேசினார். "தம்பி, ஏப்ரல் வரைக்கும் இருங்க, மே மாதம் வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கிருவாங்க, அதுக்கு முதல் விட்டுத் தந்திரணும். செப்டம்பர் முடிய வேணுமெண்டா திரும்ப வாங்க" என்றார். இடையில் ஐந்து மாதம் நாங்கள் சட்டி பானையோடு எங்கே போவது? அவரையும் குற்றம் சொல்ல முடியாது, எங்களிடம் ஒரு மாதத்துக்கு வாங்குவதை சீசனில் சில இரவுகளிலேயே எடுத்துவிடுவார். ஆனால் உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி என்று கடற்கரை நெடுக இதே கதைதான், அந்த விலையைப் பார்த்து டவுனுக்குள் உவர்மலையிலும் வாடகையை ஏற்றுகிறார்கள், வருடம் முழுக்க இருக்க விடுகிறவர்கள் ஒரு வருட அட்வான்ஸை மொத்தமாக வை என்கிறார்கள். 35,000 வீட்டுக்கு நான்கு இலட்சத்து இருபதாயிரம், சாவி கைக்கு வர முதலே! சம்பளக்காரன் அதை எங்கே புரட்டுவான்?

அதனால்தான் குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூதூரிலிருந்து வந்து போகிறேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபோது அந்த இடத்தில் பாதைக்கு, அதாவது வாகனங்களை ஏற்றிக் கடத்துகிற மிதவைக்கு, காத்துக் கிடந்த காலம் முடிந்தது என்று எல்லாரும் மகிழ்ந்தோம், நானும்தான். இப்போது அந்தப் பாலத்தைக் காட்டியே "பஸ் இருக்குத்தானே, வந்து போகலாம்தானே" என்கிறார்கள். 2021 முடிவில் 177 ரூபாய்க்கு அடித்த பெற்றோல் 2022 ஜூனில் 470 ஆனது, எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர், அதில் வேலை நாளில் பாதிக்கு வந்து போனாலே பெரிது. பெற்றோல் பிறகு இறங்கியது, ஆனால் 177க்குத் திரும்பவில்லை. பஸ்ஸில் வந்தால் வேலை பிந்துகிற நாளில் ஓட்டோ பிடிக்க வேண்டும், அன்றைய சம்பளத்தில் பெரும்பகுதி அதோடு சரி. பிள்ளை நித்திரையான பிறகுதான் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறேன்.

இந்த ஊரில் கடை திறக்கிறவர்கள், ஆஸ்பத்திரி வார்டில் இரவு வேலை பார்க்கிறவர்கள், அந்த கெஸ்ட் ஹவுஸ்களில் படுக்கை விரிக்கிற பெண்கள், எல்லாரும் இப்படித்தான் கிண்ணியாவிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வந்து போகிறார்கள். சீசனுக்கு வீடு விடுகிறவர்களிடம் வரி வாங்குங்கள், அந்தக் காசில் வேலைக்காரருக்கு வருடம் முழுக்க இருக்கக்கூடிய நாலு தொடர்மாடி கட்டுங்கள். அதுவரைக்கும் இரவு பத்து மணிக்கு மூதூருக்கு ஒரு பஸ்ஸாவது விடுங்கள்.

பாலையூற்று, லிங்கநகர் பக்கம் 25,000க்குள், மூன்று மாத அட்வான்ஸில் வீடு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மே மாதம் எங்களை எழுப்பி அனுப்புகிற வீடு வேண்டாம்.