மெரினாவில் ஏன் உட்காரக் கூடாது?

இன்று போராட்டக் கூட்டங்களுக்கு அனுமதி இல்லாத மெரினாவுக்கு, ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்துக் கூட்டம் திரண்டிருந்த 2017 ஜனவரி 19 இரவு, அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். கடற்கரை விளக்குகள் அணைந்த இரவில் ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் ஒளிர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனைக்கும் ஜல்லிக்கட்டு விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே ஒத்த கருத்து கிடையாது. மாடு முட்டி இடுப்பு முறிந்து கிடந்த உறவினரைப் பார்த்தவர் அம்மா.

மணலில் கால் வைக்க இடமில்லை. "அம்மா, பார்த்து வாருங்கள், குழந்தை தூங்குகிறது" என்று ஓர் இளைஞன் கைப்பேசி வெளிச்சத்தைக் கீழே காட்டினான். விரித்த துப்பட்டாவின் மேல் ஒரு கைக்குழந்தை. இன்னொருவன் கோணிப்பையோடு வந்து, எங்கள் கையிலிருந்த காலித் தண்ணீர்ப் பாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு நகர்ந்தான். "இந்தப் பிள்ளைகளை நாம்தான் வளர்த்தோமா?" என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2014-இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. மூன்று பொங்கல் அப்படியே கழிந்தது. மக்கள் மணலில் உட்கார்ந்த ஒரே வாரத்தில், 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஊரே பார்க்கும் இடத்தில் உட்கார்ந்ததால்தான் அந்த வேகம்.

அதே 23-ஆம் தேதி காலையில் காவல்துறை கூட்டத்தைக் கலைத்தது. கல், தடியடி, தீ. ஓடிவந்த மாணவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த நடுக்குப்பத்தில் மீன் சந்தை எரிந்து சாம்பலானது. போராட்டம் என்றாலே கலவரம் என்பவர்கள் இந்த ஒரு நாளைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அதற்கு முந்தைய ஆறு நாட்களை அவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

2018-இல் விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு, காவிரிக்காக மெரினாவில் 90 நாள் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டார். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒரே ஒரு நாள் அனுமதித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. இரு நீதிபதிகள் அமர்வு அதையும் ரத்து செய்தது. அதே ஆண்டில்தான் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டங்களை முற்றிலுமாகத் தடுப்பது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை அரசமைப்பின் 19-ஆவது பிரிவில் இருக்கிறது. நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதும் அங்கேயே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யார் கண்ணிலும் படாத மூலைக்கு ஒதுக்குவது கட்டுப்பாடா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் குடிநீரோடு சாக்கடை கலந்தது. நாற்பது பேர், பெரும்பாலும் பெண்கள், முறைப்படி மனு கொடுத்தோம். எங்கள் பகுதியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஓரிடத்தில், இருபுறமும் தடுப்பு வைத்து, இரண்டு மணி நேரம் நிற்க அனுமதி கிடைத்தது. மஞ்சள் நிறத் தண்ணீர் நிரம்பிய குடத்தோடு ஒரு பாட்டி வெயிலில் நின்றார். அந்தக் குடத்தை எட்டிப் பார்க்க அங்கே யாரும் வரவில்லை. எங்களைக் காவல் காத்த பெண் காவலர் மட்டும் பார்த்தார், முகம் சுளித்தார், தன் பாட்டிலிலிருந்து பாட்டிக்குத் தண்ணீர் கொடுத்தார்.

விடுதலைப் போராட்டக் கூட்டங்கள் நடந்த திலகர் கட்டம் இதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான் இருக்கிறது. அதன் அருகே ஒரு துண்டு மணலை அமைதியான கூட்டங்களுக்குத் திறந்துவிடுங்கள். ஐந்து நாள் முன்பே மனு கொடுக்கிறோம். நேரத்தை நீங்களே குறியுங்கள். சாலையை மறிக்கமாட்டோம், கோணிப்பையும் நாங்களே கொண்டுவருகிறோம்.