பிஎம்எஸ் இருக்கிறதே என்று நம்பி பேட்டரி கட்டாதீர்கள்

எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு வீட்டிலேயே லித்தியம் பேட்டரி கட்டலாமா என்று கேட்கிறவர்களிடம் பேச ஆரம்பித்தால், பாதிப் பேச்சிலேயே ஒரு பதில் வந்துவிடும்: "அதான் பிஎம்எஸ் போடுறோமே, எல்லாத்தையும் அது பார்த்துக்கும்." பார்த்துக்கொள்ளாது. பிஎம்எஸ் (Battery Management System) என்பது பேட்டரியின் வோல்ட்டேஜைக் கண்காணித்து, எல்லை மீறினால் துண்டித்துவிடும் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, அவ்வளவுதான். இதை விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கட்டிய முதல் பேக் 13 சீரிஸ், 4 பேரலல்: நான்கு நான்கு செல்லாகப் பேரலலில் சேர்த்தது ஒரு குரூப், அப்படி 13 குரூப் சீரிஸில் ஒன்றன்பின் ஒன்றாக, மொத்தம் 52 செல். எல்லாமே பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து எடுத்த 18650 செல்கள், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளை லித்தியம் செல்கள். ஒவ்வொன்றையும் சார்ஜ் செய்து, எவ்வளவு தாங்குகிறது என்று அளந்து, ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தவற்றை எல்லாம் சேர்த்து, நிக்கல் பட்டை வைத்து வெல்டு அடித்து, பிஎம்எஸ் மாட்டி ஓட்டினேன். ஒரு மாதம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்தது. பேக்கைத் திறந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12 குரூப்பும் 4.15 வோல்ட்டை ஒட்டி நிற்கின்றன, ஏழாவது குரூப் மட்டும் 3.8. அதைத் தனியாக ஏற்றிச் சரிசெய்து மூன்று நாள் சும்மா வைத்தேன், மறுபடியும் இறங்கியிருந்தது. நிக்கல் பட்டையை அறுத்து நான்கு செல்லையும் தனித்தனியாகப் பிரித்து வைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மூன்று செல்கள் அசையாமல் நிற்கின்றன, ஒன்று மட்டும் தானாகவே இறங்குகிறது. பக்கத்தில் இருந்த மூன்றும் ராப்பகலாக அதற்குக் கரண்ட் ஊட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

இதை ஏன் பிஎம்எஸ் சொல்லவில்லை? அதால் சொல்ல முடியாது. அதிலிருந்து ஒரு குரூப்புக்கு ஒரு ஒயர்தான் போகிறது. 52 செல் இருந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரிவது 13 வோல்ட்டேஜ்தான். பேரலலில் கட்டிய நான்கு செல்லுக்கும் எப்போதும் ஒரே வோல்ட்டேஜ் என்பதால், அதில் எது கெட்டது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியே கிடையாது. இதைவிட மோசம், அதன் பேலன்ஸிங் நோயை மறைத்தும் வைக்கும். சாதாரண பிஎம்எஸ் என்ன செய்கிறது என்றால், சார்ஜ் நிறையும் நேரத்தில் ஏறி நிற்கும் குரூப்புகளைச் சின்ன ரெசிஸ்டர் வழியாகச் சில பத்து மில்லி ஆம்பியர் அளவில் வடித்து, பின்தங்கிய குரூப்போடு சமமாக்கப் பார்க்கிறது. ஒரு குரூப் 2 ஆம்பியர்-மணி பின்தங்கியிருந்தால், 50 மில்லி ஆம்பியரில் அதைச் சரிக்கட்ட 40 மணி நேரம் ஆகும். தினமும் கொஞ்சமாக இறங்கும் குரூப் என்றால் அது எப்படியோ ஈடுகட்டிக்கொண்டே போகும், நமக்கும் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

அந்தச் செல் இறங்குவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஒரு நுண்ணிய ஷார்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது என்றைக்காவது முற்றினால், பக்கத்துச் செல்கள் மூன்றும் தங்களிடம் உள்ளதை எல்லாம் அதற்குள் கொட்டும். பிஎம்எஸ் துண்டிப்பது பேக்கின் வாசலில் மட்டும்தான், குரூப்புக்கு உள்ளே ஓடும் கரண்ட்டில் அதற்கு எந்த வேலையும் இல்லை. டெஸ்லா மாடல் எஸ் காரின் பேட்டரியில் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய கம்பியால் இணைத்திருப்பார்கள், கரண்ட் மிஞ்சினால் அந்தக் கம்பியே ஃப்யூஸ் மாதிரி எரிந்து செல்லைத் தனியாக்கிவிடும். நாம் வெல்டு அடிக்கும் நிக்கல் பட்டை அப்படி அறுந்துபோகாது.

ஆக, கெட்ட செல்லைப் பிடிக்க வேண்டிய நேரம் வெல்டு அடிப்பதற்கு முன்னால்தான். அதற்குத் தேவை பொறுமை மட்டுமே, ஆனால் அதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். எல்லாச் செல்லையும் ஒரே அளவுக்கு ஏற்றி ஒரு நாள் விடுங்கள், சார்ஜ் முடிந்ததும் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கி நிலைக்கு வருவது இயல்பு. மறுநாள் மூன்று தசம இடம் வரை அளந்து, செல் மேலேயே மார்க்கரால் எழுதிவிட்டு, இரண்டு வாரம் கைவைக்காதீர்கள். பிறகு அளந்தால் நல்ல செல்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இறங்கியிருக்கும். கூட்டத்தைவிட 20 மில்லிவோல்ட் அதிகமாக இறங்கியது எதுவோ அதை நான் ஒதுக்கிவிடுகிறேன். கொள்ளளவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

லேப்டாப் செல்லில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பல வருஷம் கிடந்து 2 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை மெதுவாக ஏற்றி "உயிர் கொடுக்கிறார்கள்". அவ்வளவு கீழே இறங்கும்போது உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும், திரும்ப ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் போய்ப் படியும், ஷார்ட்டுக்கு அதுவே விதை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதோடு, மோட்டாரை ஓட்டும் 20 ஆம்பியர் கன்ட்ரோலர் முழுதாக இழுத்தால் 4 பேரலலில் ஒரு செல்லுக்கு 5 ஆம்பியர் வரும், லேப்டாப்பில் மெதுவாக உழைத்து வயதான செல்லிடம் அதைக் கேட்பது அநியாயம். சைக்கிளுக்கு என்றால் ஒரே பேட்ச் புதுச் செல், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. புதிதிலும் கவனம் வேண்டும். 18650 அளவில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்திருந்தால் அது பொய், நல்ல செல் தருவது 3,500 பக்கம்தான். எடை போட்டுப் பாருங்கள், அசல் பெரும்பாலும் 45 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், போலி பெரும்பாலும் லேசாக இருக்கும்.

கட்டும்போது ஒரு இடத்தை மட்டும் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்: செல்லின் பாசிட்டிவ் முனை. செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ். அந்த உலோகம் மேலே மடிந்து, நடுவில் இருக்கும் பாசிட்டிவ் பொத்தானுக்கு ஓரிரு மில்லிமீட்டர் தூரம் வரை வந்து நிற்கிறது. நிக்கல் பட்டைக்கும் அந்த விளிம்புக்கும் நடுவில் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றுதான். என் முதல் பேக்கைப் பிரித்தபோது, ரோட்டில் குலுங்கிக் குலுங்கி ஒரு செல்லில் அந்த உறை பட்டைக்கு அடியில் தேய்ந்து, பழுப்பாகக் கோடு விழுந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் பட்டை உலோகத்தைத் தொட்டிருக்கும், அந்தச் செல் நேரடியாக ஷார்ட் ஆகியிருக்கும். ஒட்டும் காகித வளையம் ஒன்றைப் பொத்தானைச் சுற்றி ஒட்டினாலே போதும். 52 வளையம் ஒட்ட அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

பட்டை அசல் நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்று காந்தத்தை வைத்துப் பார்க்காதீர்கள், இரண்டுமே ஒட்டும். சுரண்டிவிட்டு உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள், இரும்பு என்றால் துருப்பிடித்துக் காட்டிக்கொடுக்கும். செல் மேல் நேரடியாகச் சால்டரிங் வேண்டவே வேண்டாம், அந்தச் சூடு உள்ளே இருக்கும் பிரிப்பு ஜவ்வைக் கெடுத்துவிடும். எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்பவர்கள் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வேறு வகை லித்தியம் செல்லில் ஆரம்பிக்கலாம். செல்லுக்கு 3.2 வோல்ட், 16 சீரிஸ், சூடேறினாலும் மற்றவை போல மூர்க்கமாக எரியாது.

இப்போது நான் ஓட்டுவது புதுச் செல்லில் கட்டிய பேக். முழு சார்ஜான 54.6 வோல்ட் வரை ஏற்றாமல் 53.3-இல் நிறுத்துகிறேன், தூரம் கொஞ்சம் குறைந்தாலும் ஆயுள் கூடுகிறது. இரவில் தூங்கும்போதோ, வெளியேறும் கதவுப் பக்கமோ சார்ஜ் போடுவது கிடையாது. மாதம் ஒரு தரம் சார்ஜரைக் கழற்றி ஒரு நாள் விட்டு, 13 குரூப்பையும் அளந்து நோட்டில் எழுதுகிறேன். போன வாரம் அளந்ததில் அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே 8 மில்லிவோல்ட்தான் வித்தியாசம். செல்களை அளந்து வைத்திருக்கிறவர்கள் அந்த எண்களைக் கமெண்ட்டில் போடுங்கள், வெல்டு அடிப்பதற்கு முன்னால் சேர்ந்து பார்த்துவிடலாம்.