உலை வைத்தது யார்?

விருந்தோம்பலைப் பற்றி ஆண்கள் எழுதும் பதிவுகளைப் படித்தால் எனக்கு ஒரு கேள்விதான் வரும். அன்றைக்கு உலை வைத்தது யார்? "நேரங்கெட்ட நேரத்தில் கதவைத் தட்டினார்கள், மனசு கேட்கவில்லை, உள்ளே வாங்க என்றேன்" என்று எழுதியிருப்பார்கள். கீழே ஆளாளுக்குக் கைகூப்பிய படம் போட்டிருப்பார்கள். உள்ளே வாங்க என்று சொல்ல அரை நொடி போதும். அதற்கப்புறம் அரிசி களைந்தது, பாய் தேடியது, மறுநாள் போர்வையெல்லாம் அலசிக் காயப்போட்டது எதுவும் பதிவில் வராது.

இதை எழுதுவதால் நான் இரக்கத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிற, பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடும் அன்பியக் கூட்டத்தில் பாய் விரிப்பதில் தொடங்கி டீ கிளாஸ் கழுவுவது வரை செய்கிற ஆள்தான் நான். நம் இரக்கம் நாள் பார்த்து நடக்கிறது என்பதுதான் என் முதல் குறை. தவக்காலத்தில் உண்டியல், திருவிழாவில் அன்னதானம், கிறிஸ்துமஸுக்குச் சேலை, அதை வாங்குகிறவர் முகம் தெரிய ஒரு போட்டோ. அது தப்பில்லை, நடக்கட்டும். ஆனால் கஷ்டம் வருகிறவர் காலண்டர் பார்த்தா வருகிறார்?

2024 நவம்பர் 20 பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்களுக்கு மறக்காது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் வீடு கொஞ்சம் மேட்டில். பள்ளத்துத் தெருவில் வீட்டுக்குள்ளேயே முழங்கால் தண்ணி. சாயங்காலம் இரண்டு குடும்பம் நனைந்துபோய் வாசலில் நின்றது. ஒரு குடும்பத்தை முகம் மட்டும்தான் தெரியும். இன்னொன்று திருவிழாக் கமிட்டிக் கணக்கில் எங்களோடு சண்டை போட்டு, அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாத வீடு. எங்க வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "உள்ளே வாங்கண்ணே, இது நம்ம வீடு" என்றார். நல்ல மனுஷர். சொல்லிவிட்டு, யார் படகு அவிழ்ந்துபோனது என்று பார்க்கக் கரைக்குப் போய்விட்டார்.

இங்கே இருந்தது ஒரு கழிப்பறை. கரண்ட் இல்லை. மூச்சிரைப்புக்காரியான என் மாமியாருக்கு ஈரக் காற்றே ஆகாது. வந்தவர்களில் ஒரு பிள்ளைக்கு அன்றைக்குத்தான் மாதவிலக்கு. அதைத் தன் அம்மாவிடம் சொல்லக்கூட இடமில்லாமல் மூலையில் ஒடுங்கி நின்றது. கேஸ் சிலிண்டர் எந்த நேரத்திலும் தீர்ந்துவிடும் நிலை. சுற்றிலும் தண்ணி நிற்க, குடிக்கத் தண்ணி இல்லை. குழாயில் வரவில்லை, இருந்த குடங்களை அளந்து அளந்து ஊற்றினேன். கஞ்சியும் நெத்திலிக் கருவாடும்தான். அதையும் இரண்டு பந்தியாகப் போட வேண்டியிருந்தது, தட்டு போதவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாரும் எங்க வீட்டுக்காரர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பாய்கள் இன்னும் காயவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். விவிலியத்திலும் இதேதான். ஆபிரகாமைப் பாருங்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது கூடார வாசலில் மூன்று பேர். ஓடிப்போய் வரவேற்கிறார், மரத்தடியில் உட்காரச் சொல்கிறார். விருந்தோம்பலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை என்று எத்தனையோ மறையுரையில் கேட்டாயிற்று. அடுத்து அவர் செய்வது என்ன? கூடாரத்துக்குள் போய்ச் சாராவிடம், சீக்கிரம் மூன்று மரக்கால் மாவு பிசைந்து அப்பம் சுடு என்கிறார். மூலத்தில் உள்ள அளவைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 20 லிட்டர் மாவு. மூன்று பேருக்கு! கன்றுக்குட்டியைத் தேர்ந்தெடுத்தது அவர்தான், ஆனால் அதையும் சமைக்க வேலைக்காரனிடம் கொடுத்துவிட்டார். நண்பகல் வெயிலில் அடுப்பு முன்னால் சாரா நின்றதைப் பற்றி நான் ஒரு மறையுரையும் கேட்டதில்லை.

மார்த்தாவின் கதி இன்னும் மோசம். வீட்டுக்கு வந்த இயேசுவிடம், அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சி மரியாவைத் தனக்கு உதவ அனுப்பச் சொன்னதற்கு இரண்டாயிரம் வருஷமாகத் திட்டு வாங்குகிறாள். இயேசு மரியாவை எழுப்பிவிட மறுத்தது எனக்கும் பிடித்த இடம்தான், ஒரு பெண் உட்கார்ந்து பாடம் கேட்கலாம் என்றாரே. ஆனால் அந்த வீட்டில் இருந்த மற்றவர்களில் ஒருத்தராவது எழுந்துபோய் அவளுக்கு விறகு எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

எனக்கு மனசுக்கு நெருக்கமானவள் சாரிபாத்துக் கைம்பெண். முதல் அரசர்கள் நூல், 17-ஆம் அதிகாரம். அதுவும் கடற்கரை ஊர், சீதோனைச் சேர்ந்தது. மழையில்லாமல் நாடே காய்ந்து கிடக்கிறது. அங்கே வந்து சேருகிற இறைவாக்கினர் எலியா அவளிடம் முதலில் கேட்பது தண்ணீர். ராமநாதபுரத்தைத் தண்ணியில்லாக் காடு என்று மற்ற மாவட்டத்துக்காரர்கள் கேலி பேசுவார்கள். தப்பு பண்ணிய அரசு ஊழியரை இங்கே மாற்றிவிடுவதாகச் சினிமாவில் மிரட்டுவார்கள். உப்புக் கிணறும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் காசு கொடுத்து வாங்கும் குடமுமாக வாழும் நமக்குத்தான் தெரியும், வறட்சியில் ஒரு முன்பின் தெரியாத மனுஷன் தண்ணி கேட்டால் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று. அவள் எடுக்கப் போகிறாள். பிறகுதான் அப்பமும் கேட்கிறார். அப்போது அவள் ஒளிக்காமல் சொல்கிறாள்: பானையில் கையளவு மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், நானும் மகனும் இதைச் சாப்பிட்டுவிட்டுச் சாகப் போகிறோம். கஷ்டத்தைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறாள். சிரித்த முகத்தோடு கொடுத்தாள் என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

முணுமுணுக்காமல் விருந்தோம்புங்கள் என்று இயேசுவின் சீடர் பேதுரு தன் முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். எழுதலாம். அவர் மாமியார் காய்ச்சல் விட்டு எழுந்த கையோடு வந்தவர்களுக்குப் பணிவிடை செய்தவர் ஆயிற்றே, மாற்கு முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. என் அம்மா முணுமுணுப்பார். 1990-ல் இலங்கையிலிருந்து படகு படகாகச் சனம் வந்து இறங்கியபோது நான் சின்னப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா ரேஷன் அரிசியைப் பெரிய சட்டியில் போட்டுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டே, "ஒங்களுக்கு நாளைக்கு என்ன வைக்கிறதுன்னு தெரியல, இதுல ஊருக்கே கஞ்சி" என்று எங்களைப் பார்த்துப் பொரிந்துகொண்டிருந்தார். ஆனால் கஞ்சியில் தண்ணி கூட்டவில்லை. முணுமுணுத்துக்கொண்டு போட்ட அந்தச் சோறு, சிரித்துக்கொண்டு கைவிரிப்பவர்களின் அன்பைவிட எனக்குப் பெரிது. பேதுரு கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது இயேசு சொன்ன கதையில் வருகிற, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியருக்கு வருகிறேன். அடிபட்டவனைத் தூக்கினார் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். லூக்கா அதற்கு மேல் விவரமாக எழுதுகிறார். காயத்துக்கு ஊற்றியது அவருடைய எண்ணெய், அவருடைய திராட்சை மது. ஏற்றியது அவருடைய விலங்கின் மேல். அப்படியானால் அவர் நடந்துதான் போயிருக்க வேண்டும். சத்திரத்துக்குக் கொண்டுபோய் அன்றிரவு அவரே கவனித்துக்கொண்டார். மறுநாள் காலையில்தான் சத்திரக்காரரிடம் ஒப்படைக்கிறார், அதுவும் இரண்டு தெனாரியம் கையில் கொடுத்து, கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லி. இரண்டு தெனாரியம் என்பது இரண்டு நாள் கூலி. சத்திரக்காரரின் இரக்கத்தில் அவர் கடன் வாங்கவில்லை. இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களும் அதைத் தெரிந்துதான் செய்தார்கள்: ராமேஸ்வரம் போகிற யாத்திரைக்காரர்களுக்குச் சேது வழி நெடுகச் சத்திரம் கட்டியதோடு விடாமல், அதை நடத்த ஊர்களையே மானியமாக எழுதி வைத்தார்கள். சோறு போட வேண்டும் என்றால் அரிசிக்கு வழி சொல்ல வேண்டும்.

சமாரியர் இன்னொன்றும் செய்தார், தன் பயணத்தைத் தொடர்ந்தார். வாழ்நாள் முழுக்க அந்தச் சத்திரத்திலேயே உட்கார்ந்துவிடவில்லை. இரக்கத்துக்கு எல்லை வைப்பது பாவம் என்று நினைத்துக் குமைகிற பெண்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கப் பயமாக இருக்கிறது, கோர்ட்டு கேஸ் என்று அலைய விடுவார்கள் என்பவர்களுக்கு ஒரு தகவல். 2016-ல் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிகாட்டு நெறிகளுக்கு வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவே சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்குப் போட முடியாது, பேரைச் சொல்லவும் கட்டாயப்படுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருத்தரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல, 2022 மார்ச்சில் இலங்கை நெருக்கடியின்போது தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் மணல்திட்டில் குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். அப்படி யாராவது கரையேறினால் முதலில் தண்ணி கொடுப்பதும், உடனே மரைன் போலீசுக்குச் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலை இல்லை. இரண்டையும் செய்யலாம்.

மழை ராத்திரிக்கு மறுநாள் காலை நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். நான் எழுந்து போகும்போது அடுப்படியில் அந்தப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டு அக்கா அரிவாள்மனையைப் போட்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். "சும்மா உக்காந்திருக்க முடியல மதினி" என்றார். கமிட்டிக் கணக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. (கணக்கு இன்னும் தீரவில்லை, அது வேறு கதை.) விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில், திருத்தூதர் பவுல் போன கப்பல் உடைந்து 276 பேர் மால்டா தீவில் கரையேறுவார்கள். மழை, குளிர். அந்தத் தீவுச் சனங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, வந்தவர்களின் பாஷைகூட அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. நெருப்பு மூட்டிக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பவுல் என்ன செய்தார் தெரியுமா? போய்ச் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்து நெருப்பில் போட்டார். சுள்ளிக்குள் பாம்பு இருந்ததை மட்டும்தான் நமக்கு ஞாபகம். விருந்தாளி விறகு பொறுக்கியது யாருக்கும் ஞாபகமில்லை.

கடற்கரைச் சனம் நாம், நமக்கென்றே எழுதிய மாதிரி இன்னொரு இடம் யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரம். ராத்திரி முழுக்க வலை போட்டும் மீன்பாடு இல்லை. விடிகிறபோது கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் சொன்ன பக்கம் போட்டதும் 153 பெரிய மீன்கள். எங்கள் ஊரில் இதைப் பிரசங்கிக்காத சாமியார் கிடையாது. அந்த 153-க்கு எத்தனை விதமான விளக்கம்! ஆனால் சீடர்கள் கரைக்கு வந்தபோது அங்கே கரி நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் மீன், கூடவே அப்பம். சாவிலிருந்து எழுந்துவந்த ஆண்டவர், கடலுக்குப் போய்க் களைத்து வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு தயாராக வைத்திருந்தார். நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டு வாங்க என்று கேட்டுவிட்டுச் சாப்பிடக் கூப்பிடுகிறார். விடியற்காலை கடலிலிருந்து ஆள் திரும்புகிற நேரத்தில் அடுப்பு முன்னால் யார் நிற்பார்கள் என்று இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் தெரியும். அந்த இடத்தில்தான் அவர் நின்றார்.

ஆகையால் என் கோரிக்கை இதுதான். அக்டோபரில் மழை தொடங்குமுன் நம் அன்பியங்களில் ஒரு பட்டியல் போடுவோம். மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கும், தண்ணித் தொட்டியை யார் நிரப்புவது, கழிப்பறையை யார் கழுவுவது, பெண்பிள்ளைகளுக்கு வேண்டியதை எங்கே வைப்பது, சிலிண்டருக்கு எந்தப் பணம். சமையல் பொறுப்பில் ஆண்கள் பேர் மட்டும் எழுத வேண்டும். பெண்கள் எப்படியும் வந்து நிற்போம், எங்கள் பேரைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

போன கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரே சிரிப்பு. ஒரு அண்ணன் எழுந்து, "தங்கச்சி, எனக்குச் சுடுதண்ணி மட்டுந்தான் வைக்கத் தெரியும்" என்றார். அவர் பேரை முதலில் எழுதிவிட்டேன். காலை நாலு மணிக்கு, கட்டங்காப்பிக்கு.