சேப்பாக்கத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பது குற்றமா?

ஞாயிறு ராத்திரி எங்கள் தெருமுனையில் நடந்ததைப் பற்றி நான் போட்ட பதிவைப் பார்த்திருப்பீர்கள். டயாலிசிஸ் முடிந்து மாடி வீட்டு அம்மாவைக் கூட்டிவந்த ஆட்டோவை, கிரிக்கெட் மேட்சுக்காகப் போட்டிருந்த தடுப்புக்கு அந்தப்பக்கமே நிறுத்திவிட்டார்கள். "மேட்ச் விடட்டும், அப்புறம் போங்க" என்று பதில். அவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். அதைவிட எனக்கு வலித்தது கீழே வந்த கமெண்டுகள். "ஸ்டேடியம் பக்கத்துல வீட்டை வச்சுக்கிட்டு புலம்பலாமா?" "கிரிக்கெட் பிடிக்கலைன்னா வேற ஏரியாவுக்குப் போங்க."

எனக்கா கிரிக்கெட் பிடிக்காது? 1988 பொங்கல் டெஸ்டில் நம் சுழற்பந்து வீச்சாளர் ஹிர்வானி வெஸ்ட் இண்டீஸின் 16 விக்கெட்டுகளைச் சாய்த்தபோது அப்பாவோடு கேலரியில் இருந்தவன் நான். மடியில் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை. 1986இல் ஆஸ்திரேலியாவோடு டையான, அதாவது சமனில் முடிந்த டெஸ்டைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்தால், கடைசி ஆட்டக்காரர் மணீந்தர் சிங் அவுட்டா இல்லையா என்பதில்தான் போய் நிற்கும். 1999இல் நம்மைத் தோற்கடித்த பாகிஸ்தான் அணிக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதே, அதை இன்றும் பெருமையாகச் சொல்கிறீர்களே, அந்தக் கூட்டத்தில் எங்கள் ஆட்களும்தான் இருந்தார்கள்.

எங்கள் கேள்வி ஒன்றுதான்: மேட்ச் நாளில் தெருவை அடைக்கும் முன் எங்களைக் கேட்டீர்களா?

டெஸ்ட் காலையில் தொடங்கும், வெளிச்சம் மங்கும்போது முடிந்துவிடும். 2008இல் வந்த ஐபிஎல் அப்படியில்லை. ராத்திரி ஏழரைக்குத் தொடங்கி பதினொன்றரை வரை இழுக்கிறது. பிறகு ஹாரன், விசில், எங்கள் வாசலை மறித்து நிற்கும் பைக்குகள். பெல்ஸ் ரோட்டிலும் விக்டோரியா ஹாஸ்டல் ரோட்டிலும் சாயங்காலமே போக்குவரத்தை மாற்றிவிடுகிறார்கள். பக்கத்திலேயே கோஷா ஆஸ்பத்திரி இருக்கிறது, பிரசவத்துக்குப் பெண்கள் வருகிற இடம். வலி எடுத்தவள் மேட்ச் அட்டவணையைப் பார்த்துவிட்டா வருவாள்?

"1916இலிருந்து ஸ்டேடியம் இருக்கிறது, நீங்கள்தானே பிறகு வந்தீர்கள்" என்கிறார் ஒரு நண்பர். திருவல்லிக்கேணியைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? பார்த்தசாரதி கோயில் பல்லவர் காலத்தது. வாலாஜா பெரிய மசூதி 1795இல் எழுந்தது. யார் முன்னால் வந்தது என்ற கணக்கைத் தயவுசெய்து எங்களிடம் காட்டாதீர்கள்.

ஏரியாவில் வியாபாரம் நடக்கிறது என்கிறீர்கள். சரி, நடக்கட்டும். டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் இலவசப் பயணம் என்று 2023இல் கொண்டுவந்ததும் நல்ல விஷயம்தான். ஆனாலும் பைக்கில் வருகிறவர் பைக்கில்தான் வருகிறார், அது எங்கள் தெருவில்தான் நிற்கிறது.

"இவ்வளவு பெரிய போட்டியில் உங்கள் ஒரு தெருவுக்காக என்ன மாற்ற முடியும்?" இந்தக் கேள்விக்குத்தான் கோபம் வருகிறது. 2018இல் காவிரிப் போராட்டம் வந்ததும், முதல் ஆட்டம் தவிர சென்னையில் நடக்கவேண்டிய மீதி ஐபிஎல் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. 2019இல் ஐ, ஜே, கே கேலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்காமல் இறுதிப்போட்டியே ஹைதராபாத்துக்குப் போனது. காலி நாற்காலிகளுக்காக ஒரு ஃபைனலை ஊர் மாற்ற முடிகிறது. நோயாளி வருகிற ஆட்டோவுக்கு ஒரு தடுப்பை நகர்த்த முடியாதா? ஆட்டத்தை எங்கும் மாற்றச் சொல்லவில்லை. அட்டவணை வந்ததும் தெருக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுங்கள், குடியிருப்பவர்களுக்குப் பாஸ் கொடுங்கள், ஆஸ்பத்திரி வண்டிக்கு ஒரு வழியைத் திறந்து வையுங்கள் என்கிறோம். இதற்கா இவ்வளவு ஏச்சு?

உள்ளே போகவாவது முடிகிறதா? எங்கள் தெருப் பையன்கள் டிக்கெட்டுக்காக போனை வைத்துக்கொண்டு காத்துக் கிடப்பார்கள், கிடைக்காது. கிடைத்தாலும் அந்த விலைக்கு வீட்டில் பணம் இருக்காது. மொட்டை மாடியில் உட்கார்ந்து, கூட்டத்தின் சத்தத்தை வைத்தே இது சிக்ஸர், இது விக்கெட் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் அப்பாவோடு அரங்கத்தில் உட்கார்ந்து கண்ட சேப்பாக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு வெறும் இரைச்சலாகப் போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சல் எனக்கு நிறையவே இருக்கிறது. மறைக்கவில்லை.

வீட்டை விற்றுவிட்டுப் போகச் சொன்ன தம்பிக்கு: என் அப்பா கடைசிவரை வாழ்ந்த வீடு இது. நான் எங்கேயும் போகப்போவதில்லை. அடுத்த மேட்ச் அன்றைக்கு மாடி வீட்டு அம்மாவுக்கு டயாலிசிஸ் இருந்தால், அந்த ஆட்டோவில் நானும் ஏறி வருவேன். தடுப்பை எடுக்கும்வரை இறங்க மாட்டேன்.