அவள் பெயர் அழுமூஞ்சி இல்லை

சனிக்கிழமை பினாங்கு பட்டர்வொர்த் மண்டபத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்த வீடியோவை யாரும் தயவுசெய்து இங்கே போட வேண்டாம்.

கேக் வெட்டும் நேரத்தில் மைக்கைப் பிடித்து, "நம்ம அழுமூஞ்சி எங்கே, மேடைக்கு வா" என்றார் என் அண்ணன் மகளின் தாய்மாமா. மண்டபமே சிரித்தது. அவளுக்கு 9 வயது. அவள் போகவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். கண் கலங்கியதும், "பார்த்தீங்களா, பேர் சரியாத்தான் வெச்சிருக்கோம்" என்று இன்னொரு குரல். அழக்கூட முடியாதபடி ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

செல்லப்பெயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் குட்டித்தம்பிக்கு 36 வயது, கூப்பிட்டால் இன்னமும் ஓடி வருவான். நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவள் சொன்னாள். தீபாவளிக்கே மாமாவிடம் நேரில் சொன்னாள்.

"அந்தக் காலத்தில் குப்பன், பிச்சை என்று வைக்கவில்லையா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வைத்தார்கள், ஐயா. முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில், இதுவாவது பிழைக்கட்டும் என்று குப்பையில் கிடத்தி எடுத்து வைத்த பெயர் அது. சிரிப்பதற்கு வைத்ததில்லை.

வேறு மாதிரியும் வைத்தார்கள். என் பாட்டி நான்காவது பெண். பெயர் போதும்பொண்ணு. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும் முன் தினமும் விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கிராணி (தோட்டத்துக் கணக்கர்) அந்தப் பெயரைத்தான் சத்தமாக வாசிப்பார். பாட்டியும் கை தூக்குவார். 70 வயதுக்கு மேல் ஒருநாள் என்னிடம், "ராஜாத்தின்னு வெச்சிருக்கலாம்டி" என்றார். அதற்கு முன் அவரை யாரும் கேட்டதே இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது.

"எங்களையும்தான் கூப்பிட்டார்கள், நன்றாகத்தானே இருக்கிறோம்" என்பவர்களுக்கு, சரி, நீங்கள் நன்றாக இருங்கள். நான் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் நான் குண்டுதான். 12 வயதில் ஐசி (அடையாள அட்டை) எடுக்கப் போனபோது, கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா என் முழுப் பெயரை அப்பா பெயரோடு நிறுத்தி நிறுத்தி வாசித்துவிட்டு, "பெத்துல் கா?" என்று நிமிர்ந்து பார்த்தார். என் பெயர் சரியா என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டது அன்றுதான்.

அப்புறம், தாய்மாமன் பேச்சில் நான் தலையிடக்கூடாதாம். தொட்டில் போட்ட அன்று அவள் காதில் மூன்று முறை பெயர் சொன்ன அத்தை நான். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவள்மேல் பாசம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நேற்று கோவிலுக்குக் கிளம்பச் சொன்னதும், "மாமா வர்றாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் பாவாடை மாற்றப் போனாள்.